ஆதாரம் இல்லாத வாடை

செங்குட்டுவன் சார் ஓர் எம்.ஏ. ஆய்வேட்டில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்த அன்று, எண்ணூர் ஆற்றில் இறால் இல்லாமல் போனது. ஆற்றில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள் என்பதுதான் அந்த வரி. எழுதியவள் குப்பத்துப் பெண் சினேகா. அப்படிப் பிடிக்கிறவர் அவளுடைய அப்பா சுப்புராயன். "ஆய்விதழ் ஆதாரம் எங்கே?" என்று சார் ஓரத்தில் கேட்டிருந்தார். அப்பா ஆதாரமாக மாட்டாராம். சுப்புராயன் பொழுதெல்லாம் தடவியும் கைக்குச் சேறுதான் வந்தது. சினேகா நூலகத்தில் தேடு தேடென்று தேடி, என்றைக்கோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய கட்டுரையைப் பிடித்து அடிக்குறிப்பு போட்டாள். சார் டிக் அடித்தார், மறுநாள் இறால் வந்துவிட்டது. குப்பத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. காகிதம் இல்லாமல் எந்த ஆபீசில்தான் காரியம் நடக்கிறது?

அடுத்த அத்தியாயத்தில், விடியற்காலையில் ஆலை வாடை நெஞ்சை அடைக்கிறது என்று எழுதினாள். அதற்கும் ஆதாரம் இல்லை, சார் அடித்தார். வாடை போய்விட்டது. வருஷக்கணக்காகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிய அம்மா முத்தம்மா, அன்று காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டாள். சினேகா பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

விஷயம் பரவியதும் வாசலில் கூட்டம் சேர்ந்தது. "சாம்பலைப் பத்தியும் ஒரு வரி எய்தி வுடு கண்ணு" என்றார் பக்கத்து வீட்டு லூயிஸ். "ஆதாரம் கீதாரம்னு தேடிக்கினு கெடந்தா பேஜாராப் பூடும்." அனல் மின் நிலையச் சாம்பல், எண்ணெய்ப் படலம், தெருவை அடைத்து நிற்கும் டேங்கர் லாரி எல்லாவற்றையும் எழுதினாள். சார் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை, அவ்வளவு கறார். எண்ணூரை அவரைப்போல் சுத்தம் செய்தவர் எவருமில்லை. பாவம், அது அவருக்குத் தெரியாது.

கடைசியில் அவர் கூப்பிட்டார். "அடிச்சதெல்லாம் போக மிஞ்சினது இறால் மட்டும்தான். இறாலுக்கா எம்.ஏ. குடுப்பாங்க? அடிச்ச வரிக்கெல்லாம் ஆதாரம் கொண்டு வாம்மா, இல்லைன்னா ஃபெயில்." மகள் எம்.ஏ. என்று சுப்புராயன் கரையெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

முன்பெல்லாம் தேடித் தேடிக் கண் பூத்துப்போகும். இம்முறை நூலகத்தில் ஆதாரம் கண்ணெதிரிலேயே இருந்தது. சாம்பல், எண்ணெய், லாரி, வாடை, குப்பத்துப் பெண்களின் மூச்சிரைப்பு, எல்லாம் அட்டவணையோடு ஒரே ஆய்விதழில். சினேகா நின்றபடியே முழுதும் படித்தாள். நன்றாகவே எழுதியிருந்தார்கள், வயிற்றெரிச்சலாக இருந்தது. பிறகு அதைக் கோழி வளர்ப்பு அலமாரியில், பின்வரிசையில் செருகிவிட்டு வந்தாள்.

"கெடைக்கலை சார்" என்றாள். ஒழுங்காகத் தேடத் துப்பில்லை என்று சார் ஃபெயிலாக்கினார்.

"இன்னாமா, பாஸா?" என்றார் சுப்புராயன்.

"இல்ல நைனா."

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசு, அம்மா தூங்கிகினு கீது."

குப்பத்துக்குப் புதிது புதிதாக ஏதாவது வந்து சேர்ந்துகொண்டுதானே இருக்கிறது, அடிக்க ஆள் வேண்டும். அதனால் சினேகா வருஷா வருஷம் மறுபடி பதிந்துகொள்கிறாள். இப்போதெல்லாம் குப்பத்தில் கோயிலுக்கு ஒரு பங்கு, அவள் பரீட்சை ஃபீசுக்கு ஒரு பங்கு ஒதுக்கிய பிறகுதான் பிடித்த மீனைப் பிரிக்கிறார்கள்.