பனிக்கு வெளிச்சம் போட்டவன்

மணிகண்டபிரபுவுக்கு வாய்த்த வேலை, ஹெல்மெட்டை நாலு பக்கமும் சுற்றிக் காட்டுவது. ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு வீடியோக்களைக் கணினியில் முப்பரிமாணத்தில் செய்து தருகிற ஒரே ஆள் அவன்தான். கையை உள்ளே விடாதே, இந்தப் பக்கம் நட, அந்தப் பக்கம் நடக்காதே. பார்க்கிறவர்கள் தூங்குவார்கள் என்று தெரிந்தே செய்துவந்தான். மூடுபனி, புகை, ஜன்னல் வழியே சரிந்து விழும் ஒளிக்கற்றை என்று யூடியூபில் பார்த்துப் பார்த்துக் கற்றதையெல்லாம் கொட்ட இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தான், பாவம்.

இடத்தை இசக்கியின் கால் ஏற்படுத்திக் கொடுத்தது.

இசக்கி நாங்குநேரிப் பக்கத்துக்காரன், பயிற்சித் தொழிலாளி. தை மாதத்தில் ஒருநாள் பொழுது விடியுமுன் முதல் ஷிஃப்டுக்கு வந்தவன்மேல், யார்டில் பின்னால் வந்த, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஏறிவிட்டது. காலில் இரண்டு விரல் போயிற்று. யார்டில் இருப்பது நாலு விளக்குக் கம்பம். இரண்டு வாரமாக நாலுமே எரியவில்லை. வண்டியின் விளக்கு உடைந்து அதைவிட அதிக நாளாகிறது. இத்தனையும் தெரிந்த நிர்வாகம் யார்மேல் சார்ஜ் ஷீட் போட்டது என்றால், இசக்கிமேல். ஆள் நடக்கப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே நடந்தானாம். விசாரணையில் அவன் தப்பு என்று முடிந்தால் வேலை போச்சு, ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

பாதுகாப்பு மேலாளர் தாண்டவராயன் மணிமங்கலத்துக்காரர். விசாரணையில் விபத்தை வீடியோவாகக் காட்டவேண்டும் என்று மணிகண்டபிரபுவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அன்னிக்கு செம பனிப்பா. பனிக்கு நாம இன்னா பண்றது? கம்பெனியா ஊதி வுட்டுச்சு? அந்தப் பனில கோட்டத் தாண்டி நடந்தது அவன் தப்பு. நல்லா பனி காட்டு."

பனி என்ற சொல்லுக்குப் பிறகு மணிகண்டபிரபுவின் காதில் எதுவும் ஏறவில்லை. இசக்கி படப்பையில் தன் அறைக்குக் கீழ் அறைக்காரன், ஒரே மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்பதுகூட மறந்துபோயிற்று. வெட்கக்கேடுதான். ஆனால் கலைஞனுக்குச் சந்தர்ப்பம் வரும்போது பக்கத்து இலையா கண்ணில் படும்?

யார்டைக் கட்டினான். ஃபோர்க்லிஃப்டை நிறுத்தினான். எல்லாவற்றையும் மூடுகிற மாதிரி கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்றை வைத்து, அதற்குள் பனியை நிரப்பி, அடர்த்தியைக் கூட்டினான். திரை கன்னங்கரேலென்று இருந்தது.

தாண்டவராயன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னாப்பா, பனியே காணோம்?"

"பனி இருக்கு சார். வெளிச்சம் பட்டாத்தான் தெரியும். அன்னைக்கு லைட்டு எரியலைல்லா."

"அத்த எரிய வுடு."

"எரியலையே சார்."

"கம்ப்யூட்டருக்குள்ள எரிஞ்சா கரண்டு பில்லா வரப்போவுது? போடுப்பா."

போட்டான். நாலு கம்பத்திலிருந்தும் மஞ்சள் வெளிச்சம் புனல் கவிழ்த்த மாதிரி இறங்கியது. அதற்குள் பனி மெல்லச் சுழன்றது. தாண்டவராயன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். ஊட்டி தோற்றது போ என்றார். இன்னும் ரெண்டு கம்பம் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்றார். இரண்டு கம்பம் முளைத்தது. புல்பூண்டு இல்லாத யார்டில் ஒரு வேப்பமரமும் வந்தது. ஒளி வழிய இலை வேண்டாமா? மூன்று நாள் கணினி காய்ச்சல் கண்டதுபோல் கொதித்து, வீடியோவைக் கொடுத்தது.

விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ரஞ்சனி என்ற வழக்கறிஞர் வந்திருந்தார். இசக்கி கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தான். வீடியோ ஓடி முடிந்தது. ஆள் இறந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அழகாக இருந்தது.

"இவ்வளவு வெளிச்சத்துல வண்டி வர்றது உங்களுக்குத் தெரியலையா?" என்று ரஞ்சனி இசக்கியைக் கேட்டார்.

இசக்கி திரையைப் பார்த்தான். பிறகு மணிகண்டபிரபுவைப் பார்த்தான். "இது எந்த எடம்னே எனக்குத் தெரியல மேடம்."

ரஞ்சனி தட்டச்சு செய்கிறவரிடம், "போதிய வெளிச்சம் இருந்தும் தொழிலாளி கவனிக்கவில்லை," என்று சொல்லத் தொடங்கினார். தாண்டவராயன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தானாக வந்ததை வேண்டாம் என்பானேன் என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

பனிக்காகப் போட்ட விளக்கு இசக்கியின் பிழைப்புக்குக் கொள்ளி வைக்கிறது என்று மணிகண்டபிரபுவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்தான்.

"மேடம், லைட்டு நான் போட்டது. அன்னைக்கு ஒரு லைட்டும் எரியல. வெளிச்சம் இல்லாம பனி தெரியாதுன்னு போட்டேன். நானா நட்ட ரெண்டு கம்பமும் மரமும் அங்க கெடையவே கெடையாது."

ரஞ்சனி தாண்டவராயனைத் திரும்பிப் பார்த்தார்.

"அது ஒரு அழகுக்கு மேடம்," என்றார் அவர்.

"அழகு இல்லாம காட்டுங்க."

மணிகண்டபிரபு மடிக்கணினியில் கோப்பைத் திறந்தான். மரத்தை அழித்தான். இல்லாத கம்பங்களை அழித்தான். இருந்த நாலையும் ஒவ்வொன்றாக அணைத்தான். கடைசி விளக்கு போனதும் சுவரை அடைத்த திரை முழுக்கக் கறுப்பு. பனி, வண்டி, மஞ்சள் கோடு, எதுவும் இல்லை.

தாண்டவராயன் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். "இன்னாப்பா, ஒண்ணுமே தெர்லியே."

"ஆமா சார்," என்றான் இசக்கி. "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."