மூன்றாம் மாடி விருந்தினருக்கு லிஸ்பன் குறிப்புகள்

1.

இந்தக் கதை ஒரு பேரத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நானும் என் கணவர் ஆர்தூரும் முப்பத்தொரு வருடமாக லிஸ்பனின் பழைய பேட்டையான அல்ஃபாமாவில் வாடகைக்கு இருக்கும் வீட்டை இனிச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போவதாக, ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்காரன் துவார்த் வந்து சொன்னான். ஆர்தூருக்கு ஈரலில் புற்று. டாக்டர் இரண்டு மாதம்தான் என்று சொல்லியிருந்தார்.

"டோனா இவோனெ, நீங்கதான் கதை எழுதுறவங்களாச்சே. ஊர்ல எங்க போகலாம், என்ன சாப்பிடலாம்னு வர்றவங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. உள்ளூர்க்காரங்க சொன்னா தனி மவுசு. அதுக்குப் பதிலா நவம்பர் முப்பது வரைக்கும் இருந்துக்கோங்க" என்றான் துவார்த்.

ஆர்தூர் தன் கட்டிலிலேயே சாக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். சரி என்றேன்.

(அந்த இரண்டு பக்கத்தில் எழுத முடியாமல் போனதுதான் இது. கட்டிலருகே இழுப்பறையில், இங்கே தங்க வரும் உங்களுக்காக வைத்துவிட்டுப் போவேன்.)

2.

முதல் தொடக்கம்: "அன்பு விருந்தினரே, நீங்கள் படுத்திருக்கும் இந்தக் கட்டிலில்—" நானே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மூலை மருந்துக்கடை லூர்தெஸ் காசு வாங்காமல் ரத்த அழுத்தம் பார்ப்பாள்—" துவார்த் அடித்தான். "லீவுல வர்றவன் மருந்துக்கடைக்கா போவான்?"

மூன்றாவது: "பன்றிக்கறி பன்னுக்கு ஊரே நிற்கும் வரிசையில் நிற்காதீர்கள். படிக்கட்டுக்குக் கீழே பெயர்ப்பலகை இல்லாத கடை ஒன்று உண்டு." இதை அவன் தொடவில்லை. (தெருக்காரர்கள் நாங்கள் மட்டும் போகும் கடையைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதினேன்.)

ஆர்தூர் படுத்தபடியே எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஏய், சாயங்காலம் ஆத்தங்கரைக்குப் போறப்ப சால்வை எடுத்துக்கச் சொல்லு. பாவம், சளி புடிச்சுக்கப் போகுது."

"நம்மள வெளிய தள்ளிட்டு வர்றவங்களுக்குச் சளி புடிச்சா உங்களுக்கென்ன?"

"அவங்க என்னடி பண்ணாங்க?"

3.

இங்கேதான் கதை என் கையை விட்டுப் போனது. நவம்பர் நடுவில் ஆர்தூர் எழுந்து உட்கார்ந்தார். கோஸ் சூப் கேட்டு இரண்டு கிண்ணம் குடித்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சில பேருக்கு இப்படி ஆகும். கிறிஸ்துமஸ் தாண்டிடுவார்" என்றார்.

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். முப்பதுக்குள் முடிந்துவிடாதா என்று நினைத்தேன். ஐயோ, நினைத்தேன்தான். வேறொருத்தி நினைத்ததாக மாற்றி எழுதிப் பார்த்தேன். அது பொய்யாக இருந்தது.

துவார்த்துக்குப் போன் போட்டேன். "தம்பி, ஜனவரி வரைக்கும் மட்டும்..."

"டிசம்பர் முழுக்க புக் ஆயிடுச்சே, டோனா இவோனெ! உங்க குறிப்பைப் படிச்சுட்டுத்தான் போட்டிருக்காங்க. என்னமா எழுதியிருக்கீங்க!"

4.

முடிவுகள்.

அ) இருபத்தெட்டாம் தேதி, தூக்கத்திலேயே அவர்— (மாட்டேன். இதை எழுத மாட்டேன்.)

ஆ) முப்பதாம் தேதி காலை இரண்டு ஆட்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி இறக்குகிறார்கள். படிக்கட்டு குறுகல். அவர் அவர்களிடம் தமாஷ் பேசிக்கொண்டே போவார். என்னால் அதைத்தான் தாங்க முடியாது.

இன்று இருபத்தாறு. உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்.

"இவோனெ, பசிக்குதுடி!"

சாப்பாடு சூடாக இருக்கிறது. தட்டில் போட்டு வைத்துக்கொண்டு அடுப்பருகிலேயே நிற்கிறேன். இன்னும் எடுத்துப் போகவில்லை. இதைச் சாப்பிட்டால் முப்பதைத் தாண்டிவிடுவார். இதைப் படிக்கும்போது உங்களுக்கு டிசம்பர் வந்திருக்கும். முடிவு எனக்குத் தெரியாது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதில் இந்தத் தட்டை அவரிடம் யார் கொண்டுபோகிறார்கள்?