மொட்டைத் தலைக்கு ஊசி

பெரியவ வாய் சும்மா இருந்திருந்தா இந்த வினையே வந்திருக்காது.

கொழுந்தனோட கொழந்தையை மாடி வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னிக்கு, ஆளாளுக்கு மூக்கு யாரு மாதிரி, காது யாரு மாதிரின்னு பாத்துட்டு இருந்தாங்க. இவ அந்த வழவழ மண்டையைப் பாத்துட்டு, "கீழ அனுப்பி வைங்க, ஊசி போட்டு முடி நட்டுத் தரேன்"னு சொல்லிட்டா. கீழ் வீட்டுல இவ பாக்குற தொழில் அது. நெசக் கொழந்தை மாதிரியே இருக்குற பொம்மைங்களுக்கு, ரப்பர் தலையில முள்ளு வச்ச ஊசியால ஒத்தை ஒத்தை முடியா குத்தி நடுறது.

எல்லாரும் சிரிச்சாங்க. தையல்கூட பிரிக்காத உடம்போட உக்காந்திருந்த கொழுந்தன் பொண்டாட்டி சின்னவ மட்டும் புள்ளையை இழுத்து அணைச்சுக்கிட்டா. அன்னிக்கு சாத்துன மாடிக் கதவுதான், அப்பறம் இவளுக்குத் தெறக்கல. கொழுந்தன், "அவ கோவம் தணியட்டும் அண்ணி"ன்னு நழுவிடுவான். மேல புள்ள அழுதா கீழ இவ ஊசி நின்னுடும்.

இப்ப கையில இருக்குற பொம்மைக்கு நெத்தி, காதோரம் எல்லாம் பிரமாதமா வந்துச்சு. உச்சிச் சுழி மட்டும் வருவேனான்னுது. நட்டா துடைப்பம் மாதிரி நிக்குது. பிடுங்கிப் பிடுங்கி ஓட்டை பெருசாயிடுச்சு, இன்னொரு தடவை தப்புனா தலையே குப்பைக்குத்தான். போட்டோ பாத்தும் பிடிபடல. புருஷனைக் குனியச் சொன்னா.

"இங்க என்னடி இருக்கு, வெட்டவெளி. மேல போ, அசல் சரக்கு இருக்கு"ன்னாரு. அவ மாடிப் பக்கம் பாக்குறதைக் கவனிச்சு, "சுழி ஒரு சாக்கு. உனக்கே போகணும்னு இருக்குல்ல"ன்னாரு.

அவளுக்கு சுருக்குன்னுச்சு. ஆனா எந்திரிச்சுப் போயிட்டா.

தோள்ல புள்ளையோட கதவைத் தெறந்த சின்னவ மொதல்ல அவ கையைத்தான் பாத்தா.

"ஊசி எங்க?"

"கீழ வச்சிட்டேன்." சுழி பாக்கணும்கிற விஷயத்தைச் சொன்னா. அப்பறம், "அது கெடக்கட்டும். அன்னிக்கு நான் பேசுனது தப்பும்மா. பேச்சு முன்னால போயிடுச்சு, புத்தி பின்னால வந்துச்சு"ன்னா.

சின்னவ கதவைப் பிடிச்சபடியே நின்னா. "ஊசி பேச்சுகூட மறந்துடுச்சு அக்கா. எல்லாரும் அவன் மண்டையைத்தான் பாத்தீங்க. நான் சாப்பிட்டேனான்னு ஒருத்தர் கேக்கல. நீங்களாவது கேப்பீங்கன்னு நெனச்சேன்."

பெரியவ இன்னும் ஒரு அடி கிட்டப் போனா.

"இப்ப சாப்பிட்டியா?"

"எங்க? எறக்கி விட்டா கத்துறான்."

"குடு இங்க."

மடியில போட்டுத் தட்டிக் கொடுத்ததும் பய தூங்கிட்டான். உச்சியில பூனைமுடி முளைச்சிருந்துச்சு. ஒரு புள்ளியிலேருந்து ஒரே பக்கமா வளைஞ்சு, மண்டையோட ஒட்டிப் படுத்துக்கெடந்துச்சு. அட, இவ இத்தனை நாளா ஊசியை நேரா எறக்கியிருக்கா. சாய்ச்சுப் படுக்கவச்சு, சுத்திச் சுத்திக் குத்தணும். பாத்த மாத்திரத்துல புரிஞ்சுடுச்சு.

சமையக்கட்டுலேருந்து தட்டுச் சத்தத்தோட சின்னவ குரல் வந்துச்சு. "சுழி தெரிஞ்சுதா அக்கா?"

"இன்னும் பிடிபடலம்மா"ன்னா பெரியவ, பஞ்சு மாதிரி இருந்த அந்த முடியை விரலால தடவிக்கிட்டே. "நீ மெதுவா சாப்பிடு."