வௌவால் எருவும் லம்டுவானின் தூக்கமும்

வீட்டில் கஞ்சா வளர்க்கலாம் என்று தாய்லாந்து அரசாங்கம் சொன்ன வருடம், ஐப்பசி மாதத்திலிருந்து, ராட்சபுரிக்கு மேற்கே குகைக் கோயில் ஊரில் சவேங்கின் மனைவி லம்டுவான் உத்தரத்தில் கால்விரல்களை மாட்டித் தலைகீழாகத் தொங்கியபடி தூங்கினாள். காலை எட்டு மணிக்கு ஏறினால் மாலை ஐந்தரைக்கு இறங்குவாள். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நழுவியதில்லை. எந்தப் பக்கம் கீழே என்று அதற்கும் மறந்துபோனது போல, கணுக்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அன்னாசிப்பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில் பத்தொன்பது வருடம் நின்றே முதுகெலும்பு நசுங்கியவள் அவள். உத்தரத்தில் ஏறுவதற்கு முந்தைய நாலு வருடத்தில் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. பக்கத்து வீட்டு சலுவாய் முதல் நாள் அலறினாள். இரண்டாம் வாரம் பவுடர் டப்பாவோடு வந்து, உத்தரத்தில் பதிந்த விரல் தடத்தில் தேய்த்து லாட்டரிக்கு எண் பார்த்தாள். "ஏழா, ஒண்ணா, தெளிவா தெரியலியே. அக்கா, நாளைக்குக் கொஞ்சம் அழுத்தித் தொங்குங்க" என்றாள். கடைசி இரண்டு எண்ணுக்குப் பரிசு விழுந்தது. அதன்பிறகு ஊர் பழகிவிட்டது.

சவேங் மட்டும் பழகவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் முகம் அவன் முகத்துக்கு நேராக வந்தது, கண்ணுக்குக் கண்ணாக, தலைகீழாக. அவன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தான்.

அவள் தொங்கியதன் காரணம் எருவில் இருந்தது. அவள் வலிக்கு எண்ணெய் இறக்க, கைபேசியில் அரசாங்கத்திடம் பதிவு செய்து, விரிசல் விட்ட ஏழு தண்ணீர்ச் சாடிகளில் ஏழு செடி வைத்தான். முதலில் பன்றிச் சாணம் போட்டான். இலை நுனியெல்லாம் தீய்ந்து சுருண்டது. மீன் குடலை வெல்லத்தோடு ஊறவைத்து ஊற்றினான். இலை காடாக மண்டியது, பூ வரவில்லை. கஞ்சாவுக்கு வளரும்போது ஒரு வாய், பூக்கும்போது வேறு வாய். தழைக்கு நைட்ரஜன் கேட்கிற செடி, மொட்டு விட்டதும் அதை வெறுத்து பாஸ்பரஸ் கேட்கும். கடைக்காரன் மூன்று நிறத்தில் மூன்று புட்டி கொடுத்தான். அதற்கும் கொண்டைக்கடலை அளவுக்கு மேல் மொட்டு பருக்கவில்லை. கோயில் குகையின் சாவி சவேங்கிடம் இருந்தது. வௌவால் எச்சத்தைச் சனிக்கிழமைதோறும் மூட்டை கட்டி துரியன் தோப்புக்காரர்களுக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை அரை மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு பிடியை வாளித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, சாடிக்கு ஒரு செம்பு ஊற்றினான். ஒன்பதாம் நாள் மொட்டு கட்டைவிரல் தடிமன் ஆனது. அதில் இறக்கிய எண்ணெயை நாக்கடியில் மூன்று சொட்டு விட்டுக்கொண்ட மறுநாள் லம்டுவான் ஏறினாள்.

வேறு மாகாணத்து வௌவால் எருவைக் கடையில் வாங்கியும் பார்த்தான். மொட்டு அதே தடிமன், எண்ணெய் அதே நிறம். அவளோ தரையில் கிடந்து வலி தாங்காமல் துண்டைக் கடித்தாள். இந்தக் குகையின் எரு இல்லாமல் அவளுக்குத் தூக்கம் இல்லை.

கோயில் சொத்து ஒரு துளிகூடக் கஞ்சாவுக்குப் போகக் கூடாது என்று தலைமைப் பிக்கு ஒலிபெருக்கியிலேயே சொல்லியிருந்தார். அதனால் சவேங் கேட்கவில்லை, வாராவாரம் எடுத்தான். கோயில் மண் செருப்பில் ஒட்டி வெளியே போவதையே பாவம் என்று நினைத்து, சித்திரைப் புத்தாண்டுக்கு ஆளுக்கொரு பாத்திரம் மணல் சுமந்துபோய்த் திருப்பிக் கொட்டுகிற ஊர் அது. அவனும் வருடம் தவறாமல் கொட்டியவன்தான்.

மார்கழியில் எரு மூட்டைக் கணக்கில் குறைவு தெரிந்தது. கோயில் கமிட்டி அவனைக் கூப்பிட்டுக் கேட்டது. அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "போன் மாமா குகை வாசல்லதான படுக்குறாரு." அதில் பொய் இல்லை. பொய் இல்லாதபடி அதை அமைக்க அவனுக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது. முப்பது வருடம் கோயிலைப் பெருக்கிய கிழவர் போன், கமிட்டி போகச் சொன்னதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்துக்குக் குடிபோனார்.

மாசியில் ஒருநாள் சவேங் அந்த வழியாகப் போக வேண்டி வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த போன், "டேய் சவேங், முகத்தத் திருப்பாத, எனக்கு ஒண்ணும் தொத்து வியாதி இல்ல" என்று கூப்பிட்டார். அவன் நின்றான். "லம்டுவானுக்கு இப்பத் தூக்கம் வருதாமே?"

"வருது மாமா."

"வரட்டும். ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு அந்தப் பொண்ணு."

அதன்பின் அவன் பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் வயல் வழியாக ஒன்றரை மைல் சுற்றினான். வீட்டிலும் தப்பவில்லை. ஒரு மாலை, தொங்கியபடியே லம்டுவான் கண் திறந்தாள். "போன் மாமா ஏன் அங்கப் படுத்திருக்காரு?"

"வயசாயிருச்சு. வேலை முடியல."

"எனக்கு எல்லாமே தலைகீழாத் தெரியுதுங்க. உங்க மூஞ்சி மட்டும் இப்பத்தான் நேராத் தெரியுது" என்றாள். மறுநாள் எண்ணெய்ப் புட்டியைத் தொடவில்லை. எடுத்துக் கொடுத்தபோது, "அந்தப் பெரியவர் பெஞ்சுல கெடக்க, நான் இங்கத் தூங்கணுமா?" என்று கேட்டு, தரையில் படுத்துத் துண்டைக் கடித்தாள். பதினோரு நாள் கடித்தாள்.

சித்திரைப் புத்தாண்டன்று கோயில் முற்றத்தில் ஊரே வெள்ளை மணலில் கோபுரம் கட்டிக்கொண்டிருக்க, சவேங் ஏழு சாடி மண்ணையும் வேரோடு செடிகளையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நடுவில் கவிழ்த்தான். கரிய குவியல் இடுப்புயரம் நின்றது. குழந்தைகள் கேட்காமலே அதிலும் காகிதக் கொடிகளைக் குத்தின.

"இது குகையில நான் எடுத்தது. போன் மாமா ஒரு பிடி எடுக்கல" என்றான். பின்னால் நின்றவர்களுக்காக மறுபடியும் சொன்னான்.

சலுவாய்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப அந்த மனுசன நாலு மாசம் கொசுக்கடியில போட்டுட்டு, நீ நல்லாத் தின்னியா?"

"தின்னேன்" என்றான் சவேங்.

தலைமைப் பிக்கு சாவிக்குக் கை நீட்டினார். "போய் அவரக் கூட்டிட்டு வா. நடக்க வைக்காத, வண்டியில வை." அதே தள்ளுவண்டியில், எரு நாற்றத்தின் மேல் உட்கார்ந்து போன் கோயிலுக்குத் திரும்பினார். வழியில் சவேங் மன்னிப்புக் கேட்டபோது, "பள்ளம் இருக்கு, பாத்துத் தள்ளு" என்றார்.

செடி போனது, எண்ணெய் போனது. லம்டுவான் மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் காலை, சுவரைப் பிடித்து எழுந்து, மலைப்படிகளில் நின்று நின்று ஏறி, குகை வாசலில் போய் நின்றாள். சாவி இப்போது போனிடம் இருந்தது. அவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே காற்றே எருவின் புளித்த நெடிதான். வௌவால்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.

அன்றிலிருந்து அவள் அங்கேதான் தூங்குகிறாள். அரசாங்கம் கஞ்சாச் சட்டத்தை மாற்றியதும் மறுபடி மாற்றியதும் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குக் கீழே போன் பெருக்குகிறார். மாலையில் வௌவால்கள் கரும்புகை போல வெளியேறும்போது அவளும் இறங்கி வந்து, வீட்டுக்குப் போய் சோறு வடிக்கிறாள். சவேங்குக்குக் குகைக்குள் அனுமதி இல்லை. படியடியில் அவள் செருப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவள் தூங்குவதை அவன் அதன்பின் பார்த்ததில்லை. போன் தினமும் கடைசிப் படிவரை வந்து அவளை ஒப்படைத்துவிட்டு, அவன் தலைக்கு மேல் எங்கோ பார்த்தபடி திரும்பிவிடுவார்.

இரண்டாம் வருடம் மார்கழியில் ஒருநாள் திரும்பாமல் நின்றார். "உள்ள குளிருது. நாளைக்கு ஒரு போர்வை குடுத்தனுப்பு."

சவேங் மறுநாள் தடித்த போர்வை ஒன்றை மடித்து அவர் கையில் கொடுத்தான். தலைகீழா இது நிக்குமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். மாலையில் அவரே சொன்னார். போர்வை காலிலிருந்து கழுத்துவரை மூடியபடி நின்றதாம், கீழே விழவில்லையாம்.