எந்த மாதிரி?

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலேயும் கீழேயும் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், “ம்” என்பதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அந்த வியாழக்கிழமை காலை ஷூ மாட்டும்போது இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்தத் தேய் தேய்க்கிறீங்க? டாக்டரைப் போய்ப் பாருங்க.”

“ம்.”

பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சிடுசிடுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அன்று எனக்கு வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது.

அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்கிற நிறுவனம் எங்களுடையது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு இரண்டுக்கும் அழைப்பு அங்கேதான் வரும். கூப்பிடுகிறவர் பேசுவதைக் கணினி கேட்டு, திரையில் நிறம் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே வண்டி, மஞ்சள் என்றால் அடுத்தது, பச்சை என்றால் காத்திருக்கலாம். எந்த வார்த்தைக்கு எந்த நிறம் என்ற பட்டியலை ஏழு மாதம் உட்கார்ந்து போட்டவள் நான். அன்று நாலு மணிக்கு இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டால், மறுநாளிலிருந்து நகரம் முழுக்க என் பட்டியல்படிதான் வண்டி ஓடும்.

குறுக்கே நின்றது ஒரே ஆள். நிதானம்.

அது பட்டப்பெயர். பதினாறு வருடமாக அங்கே அழைப்பு எடுக்கிறவர். கூரையே இடிந்து விழுந்தாலும், “சொல்லுங்க, எங்கே இருக்கீங்க?” என்று அதே குரலில்தான் கேட்பார். அவசர உதவிக்கு இப்படி ஒரு ஆளா என்று முதல் நாளே தலையில் அடித்துக்கொண்டேன்.

“மேடம், ‘ஒரு மாதிரியா இருக்கு’ன்றதைப் பச்சையில போட்டிருக்கீங்க” என்றார், அன்று நான் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததுமே.

“வேற எதுல போடறது?”

“சிவப்புல.”

“சார், ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? தூக்கம் கெட்டாலும் ஒரு மாதிரிதான், ஜலதோஷம் பிடிச்சாலும் ஒரு மாதிரிதான். எல்லாத்துக்கும் அனுப்ப நம்மகிட்ட வண்டி இருக்கா?”

அவர் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டார். “ஐயோ உயிர் போகுதே! செத்தேன், செத்தேன்!” என்று ஒருவர் அலறினார். திரை பளிச்சென்று சிவந்தது.

“பல் வலி” என்றார் நிதானம்.

இன்னொன்றைப் போட்டார். “ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு. வண்டி சும்மா நின்னா அனுப்புங்க. வேற யாருக்காவது அவசரம்னா அவங்களையே முதல்ல பாருங்க.” ஏதோ விருந்தாளி தண்ணீர் கேட்கிற மாதிரி அவ்வளவு கூச்சம். திரை பச்சையாகவே இருந்தது.

“இவர் என்ன ஆனார்?”

“உடனே அனுப்பினேன். வழியிலயே இதயம் நின்னுபோச்சு. வண்டிக்குள்ள இருந்ததால பிழைச்சார்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சட்டென்று விட்டுக்கொடுக்கிற ஆளா நான்? “ஒரே ஒரு ஆளை வச்சு விதி எழுத முடியாது சார். நாப்பதாயிரம் அழைப்பைப் படிச்சுட்டுத்தான் இதைப் போட்டிருக்கேன்.”

“நீங்க படிச்சீங்க மேடம். நான் கேட்டேன்.”

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்து மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், போன் அடித்தது. வீட்டுக்காரர். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் வேலை நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது மூன்று முறை. அதில் இரண்டு, கை தவறிப் பட்டது.

“வேலையா இருக்கியா?”

“சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். சொல்லுங்க.”

“சரி, சாப்பிடு. அப்புறம் பேசறேன்.”

“அட, சொல்லித் தொலைங்களேன்!”

“இல்ல... ஒரு மாதிரியா இருக்கு.”

“எந்த மாதிரி?”

கேட்ட பிறகுதான் நான் கேட்டது என் காதிலேயே விழுந்தது. “சார்...” என்று போனை அவரிடம் நீட்டினேன். நிதானம் ஏற்கெனவே நாற்காலியை என் பக்கம் திருப்பியிருந்தார். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“சொல்லுங்கண்ணே, எங்கே இருக்கீங்க?”

“ஸ்டேஷன் பின்னாடி, வரி ஆபீஸ். மொட்டை மாடி, மோட்டார் ரூம்.”

“எத்தனையாவது மாடி?”

“எட்டுக்கு மேல.”

“லிஃப்ட் ஓடுதா?”

“ஓடினா நான் எதுக்கு இங்க வர்றேன்?”

பாவி மனுஷன், அந்த நேரத்திலும் என்னைச் சிரிக்க வைத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நிதானம் ஒரு கையால் ஆம்புலன்ஸை அனுப்பினார். படியில் தூக்கி இறக்க ஐந்து தீயணைப்பு வீரர்களையும் கூடவே அனுப்பினார். குரல் மட்டும் ஒரு இம்மி மாறவில்லை. அந்தக் குரலை அன்றுதான் நான் கும்பிட்டேன்.

“அண்ணே, எழுந்திருக்காதீங்க. சுவத்துல சாஞ்சு உக்காருங்க. ஆள் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க.”

“என்ன பேசறது?” என்றார் என் வீட்டுக்காரர். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

“நான் பேசறேன், நீங்க ம் கொட்டுங்க!” என்று போனைப் பிடுங்கினேன். “காலையிலயே சொன்னேனா இல்லையா?”

“ம்.”

“டாக்டரைப் பாத்தீங்களா?”

“ம்.”

“பொய்தானே?”

“...ம்.”

பதினொரு நிமிடம் விடாமல் திட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொலைத்த குடையைக்கூட விடவில்லை. பத்தொன்பது வருடமாக என் ரத்தத்தைக் கொதிக்க வைத்த அந்த ‘ம்’மைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை அது வரவில்லை. “என்னங்க! என்னங்க!” என்று கத்தினேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்புறம், படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். “இங்கதான் இருக்கார்!” என்று யாரோ சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் அவர் கண் விழித்துப் படுத்திருந்தார். இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். இயக்குநர் கையெழுத்தை ஒரு நாள் தள்ளிவைத்திருந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். நேத்து ஒரு மாதிரியா இருக்குன்னீங்களே, எந்த மாதிரி இருந்துச்சு?”

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உயிர் போற மாதிரி.”

“அதை அப்படியே சொல்றதுக்கு என்னவாம்?”

“நீ சாப்பிட்டுக்கிட்டிருந்தே.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தேன். “ம்... ம்...” என்று தட்டிக்கொடுத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தேன். ‘ஒரு மாதிரி’யைப் பச்சையிலிருந்து எடுத்துச் சிவப்பில் போட்டேன். நிறத்தை மாற்றினால் காரணம் எழுத ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தை வைத்ததும் நான்தான். ‘இப்படிச் சொல்கிறவர்கள் மீதியைச் சொல்ல மாட்டார்கள்’ என்று எழுதி, நிதானத்துக்கு அனுப்பினேன்.