செவலை போட்ட சத்தம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் புஷ்பவல்லிக்கு 'கோழிக்காது' என்று பட்டப்பெயர். மரியாதையாக வைத்த பெயரல்ல. கொல்லையில் ஒரு கோழி தும்மினால்கூட அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். வந்து பார்த்தால், ஏதாவது ஒரு பெட்டை முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நல்லம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன? அவர்கள் பிள்ளைகளெல்லாம் தலைக்குமேல் வளர்ந்தாயிற்று. புஷ்பவல்லிக்கு முதல் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. இரண்டாவது, சீதாலெட்சுமி, இப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். தவழ்ந்தது எந்த வருஷத்தில் என்று பார்க்க வேண்டும். பெரிய வெள்ளம் வடிந்த மறு வருஷம். ஆற்றோரத்தில் பொந்தை இழந்த பாம்புகளெல்லாம் மேடு தேடி வந்து, வேலிக்கு அருகே அடுக்கிக் கிடந்த, தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டைகளுக்குள் குடியேறியிருந்தன. புஷ்பவல்லியின் புருஷன் அய்யாவு ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தான். அந்தக் கட்டைகளை அள்ளச் சொல்லி அவனும் மேலே சொல்லிப் பார்த்தான். சரி சரி என்றார்கள். கட்டை அங்கேயே கிடந்தது.

ஓடி ஓடியே புஷ்பவல்லிக்கு ஒரு படிப்பு வந்துவிட்டது. வீட்டில் ஏழெட்டுப் பெட்டைகளும் செவலை என்று ஒரு சிவப்புச் சேவலும் இருந்தன. வானத்தில் பருந்து தெரிந்தால் செவலை ஒரே ஒரு தடவை 'க்ர்ர்ர்ர்' என்று மெல்லிசாக இழுக்கும். அவ்வளவுதான். பெட்டைகள் கிடைத்த இடத்தில் பதுங்கிவிடும். கொல்லையில் மூச்சுச் சத்தம் இருக்காது. மரநாயோ உடும்போ பாம்போ தரையில் வந்தால் சத்தமே வேறு. 'கொக் கொக் கொக் கொக்காக்' என்று நிறுத்தாமல் கத்தும். அப்போது ஒரு கோழியும் ஒளியாது. கழுத்தை நீட்டிக்கொண்டு எல்லாம் ஒரே பக்கம் முறைத்து நிற்கும். முட்டையிட்ட பெட்டையும் ஏறக்குறைய இப்படித்தான் கத்தித் தொலைக்கும் என்பதுதான் சங்கடம். ஆனால் அது கத்திக்கொண்டே நடக்கும், ஒரு பூச்சியைக் கண்டால் கத்தியதையே மறந்துபோகும். பயந்த கோழி இருந்த இடத்தைவிட்டு நகராது.

இதை அவள் அய்யாவுவிடம் விளக்கியபோது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். பல்லி சொன்னால் கேட்கலாம், கோழி சொல்வதை எவள் கேட்பாள் என்பது மாமியார் வீரம்மாவின் கட்சி.

அன்று வெள்ளிக்கிழமை. கொல்லையில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். வீரம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் வேலியில் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள். புஷ்பவல்லி கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்போது செவலை கத்தியது.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கூரைக்கு நேர் மேலே, வெள்ளைத் தலையும் செம்மண் நிறச் சிறகுமாய் ஒரு கருடன் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. காப்பார் கடலோரத்திலிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு இவை இவ்வளவு தூரம் வருவது உண்டு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கருட தரிசனம் என்றால் சும்மாவா? நல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீரம்மா "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று சொல்லியபடி, இரண்டு கையாலும் கும்பிட வேண்டும் என்பதற்காகப் பேத்தியைக் கீழே இறக்கிவிட்டாள். புஷ்பவல்லியின் ஈரக் கைகளும் தாமாகவே குவிந்தன.

செவலை நிறுத்தவில்லை. கொக் கொக் கொக் கொக்காக்.

குவிந்த கை குவிந்தபடியே நின்றுவிட்டது. வானத்துக்குக் கொடுக்கும் சத்தம் இது இல்லையே. அவள் கொல்லையைப் பார்த்தாள். ஒரு பெட்டைகூடப் பதுங்கவில்லை. எல்லாம் கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடக் கருடனைப் பார்க்கவில்லை.

"என்னமோ கத்துது அக்கா, வேற மாதிரி கத்துது" என்றாள்.

"முட்டை போட்டிருக்கும் லா. நீ கும்புடு மொதல்ல" என்றாள் நல்லம்மாள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

பிள்ளை எங்கே? பாயில் இல்லை. மாமியார் காலடியில் இல்லை. புஷ்பவல்லி திரும்பினாள். கோழிகள் பார்த்த திசையில் பார்த்தாள். குஞ்சுகள்மேல் கவிழ்த்து மூடியிருந்த பஞ்சாரக் கூடையின் இந்தப் பக்கம் சீதாலெட்சுமி உட்கார்ந்து மூங்கில் பின்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நல்ல பாம்பு ஒன்று படம் எடுத்து நின்றது. செவலை அதற்கு எதிரே, இரண்டு முழம் தள்ளி, இறகெல்லாம் சிலிர்த்துக் கத்திக்கொண்டிருந்தது. பாம்பின் முகம் சேவலின் மேல் இருந்தது. சேவல் வாயை மூடினால் அந்த முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அவளால் நினைக்க முடியவில்லை.

கத்தத் தோன்றியது. கத்தினால் மாமியார் அலறிக்கொண்டு குறுக்கே ஓடுவாள், பிள்ளையும் மிரளும். பல்லைக் கடித்துக்கொண்டு, துவைத்த ஈரம் காலில் வழுக்க, பிள்ளையின் முதுகுப் பக்கமாக நடந்தாள். ஓடவில்லை. கத்து, கத்து, நிறுத்திவிடாதே என்று மனதுக்குள் சேவலைக் கெஞ்சிக்கொண்டே போனாள். எட்டிப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் சீதாலெட்சுமி வீறிட்டாள். பாம்பு படத்தைச் சுருக்கிக்கொண்டு கட்டைகளுக்குள் போய்விட்டது.

அக்கம்பக்கத்து ஆண்கள் கம்பும் கடப்பாரையுமாக வந்தார்கள். மேலே இருந்த கட்டைகளை மட்டும் புரட்டினார்கள். அடியில் கிடந்தவற்றைத் தொட எவனுக்கும் மனசு வரவில்லை. பாம்பு அகப்படவில்லை. இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் அதற்கு முன்பே வீரம்மா காரியத்தைக் கெடுத்திருந்தாள். பேத்தியைத் தடவித் தடவிப் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்ததும், தண்டவாளத்தோரம் ஆலமரத்தடியில் இருக்கும் முனியாண்டியைப் பார்த்துக் கையெடுத்தாள். அப்புறம் அந்தக் கையைச் செவலைப் பக்கம் நீட்டினாள்.

"முனியாண்டி, புள்ளயக் குடுத்திட்ட சாமி. இந்தச் சேவல ஞாயித்துக்கெழம ஒனக்கு அறுத்துடுறேன்."

பாம்புக்குக் கருடன் ஜென்மப் பகை. பாம்பு வந்ததால்தான் கருடனே வந்தது என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். கேட்டவர்களும் ஆமாம் என்றார்கள். ஆக, காப்பாற்றியது கருடன், காணிக்கை முனியாண்டிக்கு, கழுத்து மட்டும் செவலையுடையது.

புஷ்பவல்லி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் மாமியாரின் காலடியில் உட்கார்ந்து கேட்டாள்.

"அத்தை, பாசார்ல வேற சேவல் வாங்கி அறுப்போம். பாம்பு இன்னும் அந்தக் கட்டையிலதான் இருக்கு. இது இல்லேன்னா எனக்கு யாரு சொல்லுவா?"

வீரம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. பயந்துபோனாள். "சாமிகிட்ட கையக் காட்டிச் சொல்லியாச்சு புள்ள. வேற ஒண்ணக் கொண்டுபோயி ஏமாத்தினா, அது எதை எடுத்துக்கும்னு நெனச்சுப் பாத்தியா?"

அய்யாவு பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதுதான் அவன் பதில். புஷ்பவல்லியும் முனியாண்டியைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான். பாம்பாவது கட்டைக்குள் இருக்கிறது. சாமி எங்கே இல்லை? ஒரு பிள்ளையை வாரிக் கொடுத்தவளுக்கு இதற்குமேல் வழக்காடத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செவலையைப் பிடிக்கப் போனார்கள். அய்யாவு முன்னால் வந்தபோது கத்தியது. வீரம்மா பின்னால் வந்தபோது கத்தியது. பெட்டைகள் மிரண்டு வேலிமேல் ஏறின. கொல்லையை நான்கு சுற்றுச் சுற்றியும் ஒரு சிறகுகூடக் கையில் சிக்கவில்லை. வியர்த்துப் போன அய்யாவு, அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ போய்ப் புடி, ஒங்கிட்டதான் வரும்" என்றான்.

பிள்ளையை நல்லம்மாளிடம் கொடுத்துவிட்டு, புஷ்பவல்லி ஒரு பிடி அரிசியோடு கொல்லைக்குள் போய்க் குந்தினாள். ஒரே ஒரு கத்தல் போதும் என்று நினைத்தாள். என்னைப் பார்த்து ஒரு தடவை கத்திவிட்டால், எனக்கும் பிடிபடவில்லை என்று எழுந்து போய்விடுவேன்.

செவலை நீட்டியிருந்த கழுத்தைத் தாழ்த்தியது. அவள் கைக்கு அருகே வந்து ஒரு அரிசியை அலகில் எடுத்தது. தின்னாமல் அதைக் கீழே போட்டுவிட்டு, மெதுவாக, 'குக் குக் குக்' என்று கூப்பிட்டது. இரை இருக்கிறது, வாருங்கள் என்று பெட்டைகளுக்குச் சொல்லும் சத்தம். அதை நம்பி, பெட்டைகள் ஒவ்வொன்றாக வேலியிலிருந்து இறங்கி அவளைச் சுற்றி வந்தன. அவளுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் செவலையின் சிறகுகளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். அய்யாவுவின் கைக்கு மாறும்வரை அது ஒரு சத்தமும் போடவில்லை.