கதவுக்கு வெளியே கேட்டது

1

இந்தக் கதை ஒரு கல்லிலிருந்து வந்தது. நான் வசிக்கும் சதுப்பு ஓரத்து ஊரின் தேவாலயத்தில் பிரபு குலப் பெண் ஒருத்தியின் கல்லறை இருக்கிறது. எழுநூறு வருடப் பழசு. மேலே அவளுடைய கல்லுருவம் மல்லாந்து படுத்திருக்கிறது. முழங்கை மடிப்பில் துணி சுற்றிய குழந்தை. குழந்தையின் வாய் திறந்திருக்கிறது.

வாய் திறந்த கல் குழந்தையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் கேட்டேன்.

“அது வாயில்ல கண்ணு,” என்றாள். “கூரை ஒழுகி அங்கயே சொட்டுச்சு. கல்லு குழிஞ்சுபோச்சு. ஓட்டைய இப்பத்தான் அடைச்சோம்.”

சரியான பதில். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். (பெயர் கல்லில் தேய்ந்துவிட்டது. இடோனியா என்பது நான் வைத்தது. கணவன் வாரின், தங்கை ஹாவிஸ், மற்ற எல்லோரும் என் கற்பனை.)

2

முதல் தொடக்கம்: ‘இடோனியாவுக்குத் திருமணம் ஆனபோது அவளுடைய தந்தை ஆற்றுக்கு இந்தப் பக்கத்து நிலம் முழுவதையும், அதிலிருந்த வீட்டையும்—’

வேண்டாம். வக்கீல் எழுதியது போல இருக்கிறது.

இரண்டாவது: ‘குழந்தை அழுதது.’

அடித்துவிட்டேன். அது அழவில்லை. இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மூன்றாவது தொடக்கத்துக்கு முன்னால் அந்தக் காலத்துச் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். மனைவி கொண்டுவந்த நிலம், அவள் பிள்ளையில்லாமல் இறந்தால், பிறந்த வீட்டுக்கே திரும்பும். ஆனால் அவர்களுக்கு ஒரு குழந்தை உயிரோடு பிறந்து, நாலு சுவருக்குள் அது அழுத சத்தம் கேட்டிருந்தால், கணவன் சாகும்வரை நிலம் அவனுடையது. குழந்தை அடுத்த நிமிடமே இறந்தாலும் பரவாயில்லை. ஒரு அழுகை போதும்.

இதில் ஒரு சங்கடம். பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. இந்த மாதிரி வழக்கில் பெண்களின் சாட்சி செல்லாது. ஆகவே கதவுக்கு வெளியே ஆண்கள் நின்று காது கொடுப்பார்கள். உள்ளே இருந்தவர்களை யாரும் கேட்கமாட்டார்கள்.

3

பிப்ரவரி, மதியம். ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் துணி செருகியிருந்தார்கள். ஹாவிஸ் அக்காவின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை; அப்பா இறந்தபின் பிறந்த வீட்டில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். ஈஸ்டர் கழிந்ததும் கன்னியர் மடத்துக்கு அனுப்புவதாக வாரின் முடிவு செய்திருந்தான். அவள் அழவில்லை. மடத்தில் பாட்டு நன்றாக இருக்குமாமே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் பிறந்த இந்த வீட்டைவிட்டுப் போவதற்குப் பதிலாக ஆற்றில் இறங்கிவிடலாம் என்று அவள் நினைத்தது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

“சடையை அவுருங்கம்மா,” என்றாள் மருத்துவச்சி குன்னில்ட். “வீட்டுல ஒரு முடிச்சு இருக்கக் கூடாது, புள்ள வர்ற வழியக் கட்டிப்போடும்.”

“அவுத்தாச்சு. பெட்டிப் பூட்டெல்லாம் தொறந்தாச்சு. இன்னும் என்ன?” என்றாள் ஹாவிஸ்.

“வெளிய நிக்கிற ஆம்பளைங்க இடுப்பு வாரையும் அவுக்கச் சொல்லலாம். அவுத்தா காலுசட்டை நிக்காது.”

“ஆஸ்பர்ட்டுக்கு வார் இருந்தாலும் நிக்காதுடி,” என்றாள் இடோனியா. ஆஸ்பர்ட் வாரினின் காரியக்காரன். மெலிந்தவன். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் வலியாக மாறியது.

குழந்தை பிறந்தது. ஆண். குன்னில்ட் அதன் வாய்க்குள் ஊதினாள். உப்பை வைத்துத் தேய்த்தாள். பாதத்தில் அடித்தாள். பிறகு தலையில் தண்ணீர் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவசரமாகச் சொன்னாள்.

“ஏன் சத்தத்தையே காணோம்?” என்றாள் இடோனியா.

குன்னில்ட் குழந்தையைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. ஹாவிஸ் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது.*

* என் மனைவியும் பிரசவத்தில்தான் இறந்தாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

4

குன்னில்ட் கதவைத் திறந்தபோது வெளியே ஆஸ்பர்ட் முழங்காலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தான்.

“கேட்டுச்சு,” என்றான்.

“என்ன கேட்டுச்சு?”

“புள்ள அழுததுதான். நல்ல தொண்டை. எஜமானோட அப்பாரு சந்தையில கூப்புடுற மாதிரி.”

(இதை நான் பொய்யாகத்தான் எழுதினேன். வாரின் சொல்லிக்கொடுத்த பொய். அப்படித்தான் கதை போக வேண்டும்: பேராசைக்கார மச்சான், உண்மை தெரிந்த மைத்துனி. ஆனால் அடுத்த வரியில் ஆஸ்பர்ட் பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேட்டான். பொய் சொல்கிறவன் அதைக் கேட்கமாட்டான். அந்த வரியை நான் எப்போது எழுதினேன் என்று நினைவில்லை.)

அவனை அப்புறப்படுத்தினேன். அடுத்த பிரதியில் அவன் குதிரை லாயத்தில் இருந்தான். கேட்டது என்றான். அதற்கடுத்ததில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன், விலாங்குக்குக் கூடை போட.

“காத்து இந்தப் பக்கம் அடிச்சுதுல்ல,” என்றான்.

காற்றை நிறுத்தினேன். ஆற்றின் மேல் மூடுபனி. ஒரு நாணல்கூட அசையவில்லை.

“கேட்டுச்சு. எங்கூட இருந்தவனையும் கேளுங்க. கூடையப் போட்டுட்டு ஓடிட்டான்.”

அவனுடன் நான் யாரையும் அனுப்பவில்லை.

5

ஆகவே ஆஸ்பர்ட்டை விட்டுவிட்டு ஹாவிஸிடம் திரும்பினேன். அவள் உள்ளே இருந்தவள். அவளை நம்பலாம்.

ஹாவிஸ் கோபத்தோடு எழுந்தாள். செத்த பிள்ளையின் பேரில் பொய் சொல்கிறார்கள். அக்கா இன்னும் சூடு ஆறவில்லை. அதற்குள் நிலம். கத்திக் கேட்டுவிடுவது என்று வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே குழந்தை அழுதது.

பசியில் அழுகிற அழுகை. மூச்சு வாங்க நின்றது, மறுபடி தொடங்கியது. ஹாவிஸ் கதவைத் தள்ளினாள். அமைதி. குன்னில்ட் அக்காவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பெஞ்சின் மேல், வைத்த இடத்தில், நீலம் பாரித்துக் கிடந்தது. அதன் உதட்டருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். காற்று இல்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அழுதது.

“என்னம்மா கதவோட வெளையாட்டு?” என்றாள் குன்னில்ட், அவள் மறுபடி உள்ளே வந்ததும். “மெழுகுவத்தி அணையுது.”

“நீ வந்து வெளிய நில்லு.”

“எதுக்கு?”

“சும்மா நில்லு. கொஞ்ச நேரம்.”

குன்னில்ட் கையிலிருந்த துணியை மடித்தாள். “நான் உள்ள இருந்தவ,” என்றாள். “எனக்குத் தெரிஞ்சது எனக்குப் போதும். நீங்களும் உக்காருங்க. அந்தப் பக்கம் போவாதீங்க.”

தனக்கு முன்னால் இவள் எந்தெந்தக் கதவுகளுக்கு வெளியே நின்றிருப்பாள் என்று ஹாவிஸுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

6

மாலைக்குள் பாதிரியார் தர்ஸ்டன் வந்துவிட்டார். குழி தோண்டுகிறவன் முற்றத்தில் மண்வெட்டியை ஊன்றி நின்றான். குழந்தை உயிரோடு பிறந்திருந்தால், குன்னில்ட் ஊற்றிய தண்ணீர் ஞானஸ்நானம்; தாயோடு கல்லறைத் தோட்டத்துக்குள் போகும். செத்துப் பிறந்திருந்தால் சுவருக்கு வெளியே, தனியாக, பள்ளத்தோரம்.

“கதவுக்கு வெளிய நின்ன இவங்க எல்லாரும் கேட்டோம்ங்கறாங்க,” என்றார் பாதிரியார். “ராஜாவோட அதிகாரி வந்தா இவங்களத்தான் கேப்பாரு. உள்ள இருந்தவங்க பேச்சு அங்க எடுபடாது. ஆனா எங்கிட்ட எடுபடும். நீ இல்லேன்னு சொன்னா, இவங்க சத்தியம் பண்ண நான் வேதப்புத்தகத்தத் தரமாட்டேன். சொல்லும்மா. புள்ள அழுதுச்சா?”

வாரின் சுவரில் சாய்ந்திருந்தான். காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை.

“நீங்களும் கேட்டீங்களா அத்தான்?” என்றாள் ஹாவிஸ்.

“கேட்டேன்.”

“நெலத்துக்காகச் சொல்றீங்க.”

“நெலத்துக்காகவும் சொல்றேன். கேட்டதையும் சொல்றேன்.” குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “உள்ள ஓடி வந்துடலாம்னு பாத்தேன் ஹாவிஸ். ஆஸ்பர்ட் புடிச்சுக்கிட்டான். ஆம்பளைங்க போகக் கூடாதுன்னான்.”

அழுதது என்று சொன்னால், குழந்தை அம்மாவின் பக்கத்தில். வாரினுக்கு நிலம். அவளுக்கு மடம். அழவில்லை என்றால், நிலமும் வீடும் அவளுடையவை. குழந்தை பள்ளத்தோரம்.

முதலாவதை எழுதிப் பார்த்தேன். ‘அழுதது’ என்றாள். மடத்தில் அவளுக்கு ஒரு சின்ன அறை கிடைத்தது. அதன் கதவை அவள் ஒருநாளும் சாத்தவிடவில்லை. மற்றக் கன்னியர் குளிரில் முணுமுணுத்தார்கள்—

இரண்டாவதையும். ‘அழவில்லை’ என்றாள். அந்த வீட்டில் கிழவியாகும்வரை இருந்தாள். அக்காவின் அறையிலேயே சாப்பிட்டாள், அங்கேயே தூங்கினாள். வெளியே வருவதில்லை. அந்த நடைவழியில் வேலைக்காரர்கள் தட்டை வைத்துவிட்டு ஓடினார்கள்—

இரண்டையும் முடிக்க முடியவில்லை. கல்லில் குழந்தை தாயோடுதானே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கல்லுக்குப் பணம் கொடுத்தது யார் என்று தெரியாது. கூட வைக்க முடியாததைத்தான் மனிதர்கள் கல்லில் சேர்த்து வைப்பார்கள்.

நான் சொல்ல முடியாததற்குக் காரணம் எளிமையானது. நானும் அப்படியொரு அறைக்குள் இருந்தவன். இந்தக் காலத்தில் கணவனை உள்ளே விடுகிறார்கள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது. வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களை நான் கேட்கவில்லை.

பாதிரியார் காத்திருக்கிறார். மண்வெட்டி எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒருவன் முற்றத்தில் நிற்கிறான். ஹாவிஸ் வாயைத் திறந்துவிட்டாள். அவள் உள்ளேயும் இருந்தாள், வெளியேயும் நின்றாள். எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து வெளியேதான் நிற்கிறீர்கள். இங்கே எழுதுவதை நிறுத்துகிறேன். இந்தப் பக்கம் சத்தமில்லை. உங்களுக்கு ஏதாவது கேட்டால் அவளிடம் சொல்லுங்கள், என்னிடம் வேண்டாம்.